மூட்டை தின்ற குருணை

வலங்கைமான்
8.1.2025

சுடருக்கு,

அண்ணன் பரிதி எழுதுகிறேன். கடிதம் எழுதிப் பல வருஷம் ஆகிவிட்டது. தபால் ஆபீசில் இன்லேண்ட் லெட்டர் கேட்டதற்கு அங்கிருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தது. "கோர்ட் விஷயமாங்க?" என்று கேட்டது. "இல்லம்மா, தங்கச்சிக்கு" என்றேன். அதற்கு அது இன்னும் பரிதாபமாகப் பார்த்தது.

வேறு என்ன செய்ய? என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். உன் அண்ணி செவ்வந்தி நம்பரிலிருந்து கூப்பிட்டாலும் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். கேட்டால் கொல்லிமலையில் சிக்னல் இல்லை என்று அவளிடம் கதை விடுகிறாயாம். அந்தச் சிக்னல் இல்லாத மலையிலிருந்துதான் போன மாசம் வரைக்கும் பள்ளிக்கூடம் விட்டதும் வீடியோவில் வந்து, மூட்டையைக் காட்டு, மூட்டையைக் காட்டு என்று என் உயிரை வாங்கினாய்.

அன்றைக்கு போனில் நான் சொன்னது ஒரே வரி. "பாப்பா, மூட்டைய நான்தான் கொன்னுட்டேன். வயல்ல வச்ச எலி மருந்து." அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. உனக்கு வந்தது. நீ கேட்டதையெல்லாம் நான் ஒன்றுவிடாமல் வாங்கிக்கொண்டேன். ஒன்றுகூட நியாயமில்லை என்று சொல்லமாட்டேன்.

ஊரில் யாருக்கும் இது தெரியாது. வயசாகிவிட்டது, போய்விட்டது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். செவ்வந்தியிடமும் அதேதான். உன்னிடம் மட்டும்தான் உள்ளதைச் சொன்னேன். ஏன் என்றால் அது உன்னுடைய நாய்.

நேற்று டவுன் பஸ் நம் நிறுத்தத்தில் நின்றது. தினமும் அந்த பஸ்ஸைப் பார்த்துக் குரைத்துவிட்டு வருவதுதானே அதற்கு உத்தியோகம். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "எங்கங்க நம்ம ஆளக் காணும்?" என்றார். வெளியூர் போயிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். என்ன புத்தியோ. நாய் எந்த வெளியூருக்குப் போகும்?

பொங்கலுக்கு வா. திட்டுவதானால் நேரில் வந்து திட்டு. நான் எங்கேயும் ஓடிவிட மாட்டேன்.

பரிதி


செம்மேடு, கொல்லிமலை
20.1.2025

அண்ணே,

உன் கடிதம் பொங்கல் முடிந்த பிறகுதான் மலை ஏறி வந்தது. முன்னால் வந்திருந்தாலும் நான் வந்திருக்க மாட்டேன். அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் பதில் எழுதுகிறேன்.

பொங்கலன்று குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தேன். என்னோடு வேலை பார்க்கும் ஈஸ்வரி டீச்சர் தூக்குவாளியில் பொங்கல் கொண்டுவந்தார். அவர் வளர்க்கும் நாயும் பின்னாலேயே வந்தது. அது என் காலை மோந்து பார்த்ததும் நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பாவம், அவர் வாளியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

கண்டக்டர் கதையை வேடிக்கையாக எழுதியிருக்கிறாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூட்டை யார் என்பது உனக்கு மறந்திருக்கும். ஞாபகப்படுத்துகிறேன். அப்பா கூலிக்கு நட்டுக்கொண்டிருந்த வயலையே நம் பெயருக்கு வாங்கி, அதில் முதல் சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் கொண்டுபோய் அடுக்கியிருந்தோம். வரிசை நகரவில்லை. மழை வேறு. அப்பா தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு அங்கேயே கிடந்தார். நான் பிளஸ் டூ. சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். நம் மூட்டைகளுக்கு நடுவில் முனகல் சத்தம் கேட்டது. எலி என்று அப்பா குச்சியை எடுத்தார். நான் கையை விட்டு இழுத்தேன். உடம்பெல்லாம் சொறி, ஒரு கண் ஒட்டிப்போயிருந்தது, பின்னங்காலில் டிராக்டரோ என்னவோ உரசி எலும்பு விட்டிருந்தது. ஈரச் சாக்கு நாற்றத்தோடு ஒரு குட்டி.

"நெல்ல எடை போட வந்தமா, நாய எடை போட வந்தமா?" என்று அப்பா கேட்டார். ஆனால் தூக்குவாளி மூடியில் ரசஞ்சோற்றைக் குழையப் பிசைந்து அவள் வாய்க்கு நேரே வைத்தவரும் அவர்தான். லோடுமேன் ஒருவர் பார்த்துவிட்டு, "இந்த மூட்டைக்கு நம்பர் போடலியா?" என்றார். பெயர் அப்படி வந்ததுதான்.

அதற்கப்புறம் வேப்பெண்ணெய் தடவித் தடவி என் கை முழுக்க அந்த வாசனை. வகுப்பில் யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. அப்பா படுக்கையில் விழுந்தபோது கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தாள். அப்பா போன பிறகு அந்த வீட்டில் நான் அழுதால் எழுந்து வந்தது அவள் ஒருத்திதான். நீ வாசலில் பந்தல்காரனோடு பேசிக்கொண்டிருந்தாய்.

வேலை கிடைத்து நான் கிளம்பியபோது உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். மருந்து வைக்கிற நாளில் அவளைக் கட்டிப் போடு. சரிம்மா, சரிம்மா என்று தலையை ஆட்டினாய். ஒரு கயிறு, அண்ணே. ஒரு கயிற்றுக்கு வழியில்லையா?

இனிமேல் எனக்கு எழுதாதே.

சுடர்விழி


வலங்கைமான்
2.2.2025

பாப்பா,

எழுதாதே என்று எழுதியிருந்தாய். எழுதுகிறேன். கிழித்துப் போடுவதானால் படித்துவிட்டுக் கிழி.

அறுவடை நடக்கிறது. நெல் அறுக்கும் செயின் மெஷின் வந்து இறங்கியிருக்கிறது. போன வருஷம் இதே மெஷின் வந்தபோது மூட்டை அதன் எதிரில் நின்றுகொண்டு நகரமாட்டேன் என்று அழிச்சாட்டியம் பண்ணியது உனக்கு வீடியோவில் காட்டினேன் இல்லையா? அந்த டிரைவர்தான் இந்த வருஷமும். இறங்கினதும் சுற்றிமுற்றிப் பார்த்தான். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போய்விட்டேன். குடம் நிறையத் தண்ணீர் இருந்தது, அதைக் கொட்டிவிட்டுப் போனேன்.

கயிறு கேட்டாய். கயிறு இருந்தது. நான்தான் கட்டினேன்.

மார்கழி தொடக்கத்தில் பயிர் சூல்கொண்ட பொதியும் வெளிவந்த கதிருமாக இருந்த நேரம், எலி வெட்டு தாங்கவில்லை. பொதியைக் கத்தரித்துப் போட்ட மாதிரி வயலெல்லாம். நம் வாய்க்கால் பாசனத்து ஆட்கள் எல்லோரும் கூடிப் பேசி, ஒரே சமயத்தில் மருந்து வைப்பது என்று முடிவு செய்தோம். தனித்தனியாக வைத்தால் எலி வரப்பு தாண்டி அடுத்த வயலுக்குப் போய்விடும் என்பது உனக்குத் தெரியாததா? வழக்கப்படி முதலில் இரண்டு நாள் வெறும் அரிசிக் குருணையில் தேங்காய் எண்ணெய் பிசறிக் கொட்டாங்கச்சியில் வைத்து எலிக்கு ருசி காட்ட வேண்டும். அப்புறம்தான் மருந்து கலப்பது.

வைக்க வேண்டிய நேரம் பார்த்து செவ்வந்திக்குக் குடல்வால் வலி. கும்பகோணத்தில் உடனே ஆபரேஷன் என்றார்கள். கார் வாசலில் நிற்கிறது, அவள் உள்ளே சுருண்டு கிடக்கிறாள், நான் ஓடிப்போய் மூட்டையை மோட்டார் கொட்டகையில் கட்டினேன். முடிச்சைத் தளர்த்திப் போட்டேன். அதுதான் நான் செய்தது. கழுத்தில் கொஞ்சம் இறுகினாலும் அதற்கு இருமல் பிடித்துக்கொள்ளும். கால்நடை டாக்டர் பாசித் இதயம் வீங்கியிருக்கிறது என்று சொல்லி மாத்திரை கொடுத்த பிறகு அதைக் கட்டவே எனக்கு மனசு வருவதில்லை. இருமும்போது என்னைப் பார்க்கும். அந்தப் பார்வைக்குப் பயந்து தளர்த்திக் கட்டினேன்.

அடுத்ததைக் கேள். ஆஸ்பத்திரியிலிருந்து வைரக்கண்ணு சித்தப்பாவுக்கு போன் போட்டேன். "சித்தப்பா, கொட்டகையில குருணையும் மருந்தும் இருக்கு. வெறும் குருணையெல்லாம் வேணாம், அதுக்கு நாள் இல்ல. நேரா மருந்தையே கலந்து வச்சிடுங்க" என்று சொன்னேன். வாயால் சொன்னேன். அவர் என்ன செய்வார், நான் சொன்னதைச் செய்தார். மறுநாள் விட்டு மறுநாள் காலையில் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். கொட்டகையில் கயிறு மட்டும் கிடந்தது.

நாய் வயலில் கிடந்தது. அதற்கு மேல் என்னை எழுதச் சொல்லாதே.

அந்த வரப்புக்கு நான் அப்புறம் போகவில்லை. அறுவடைக்குக்கூட இந்தப் பக்கத்திலிருந்தே கையைக் காட்டிக்கொண்டிருக்கிறேன். டிரைவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான்.

பரிதி


செம்மேடு
12.2.2025

அண்ணே,

கிழிக்கவில்லை.

முடிச்சு விஷயத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவள் இருமுகிற விஷயம் எனக்குத் தெரியும். அதற்காக நீ தளர்த்திக் கட்டுவாய் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. நீ மறந்துவிட்டாய், அலட்சியமாக இருந்தாய், கட்டவேயில்லை என்று நானாக ஒரு படம் வரைந்து வைத்துக்கொண்டு இரண்டு மாதமாக அந்தப் படத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணிக்கு ஆபரேஷன் என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். எப்படி இருக்கிறார்? தையல் ஆறியதா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே அவர்.

ஆனால் என் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. மருந்தையே நேராக வையுங்கள் என்று சொன்னாய் பார், அதை நினைத்தால் இப்போதும் உன்னைப் பிடித்து உலுக்கத் தோன்றுகிறது.

நீ எழுத மாட்டேன் என்றதைத்தான் நான் கேட்கப் போகிறேன். அவள் எப்படிக் கிடந்தாள்? துடித்தாளா? வாயில் நுரை தள்ளியிருந்ததா? மண்ணைப் பிறாண்டியிருந்தாளா? தண்ணீர் தேடி வாய்க்கால் பக்கம் இழுத்துக்கொண்டு போனாளா? நான் அறிவியல் பாடம் நடத்துகிறவள். அந்த மருந்து வயிற்றுக்குள் போனால் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததுதான் என் பாடு. வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது அவள் துடிக்கிற மாதிரி கண்ணுக்குள் வருகிறது. பாதியில் நிறுத்திவிடுகிறேன். பிள்ளைகள் முழிக்கிறார்கள்.

நீ ஒருவன்தான் பார்த்தவன். நீ சொல்லாததால் நான் விதவிதமாகப் பார்க்கிறேன். எது நடந்ததோ அது ஒன்றுதான். அதைச் சொல்லிவிடு, மற்றதெல்லாம் என்னை விட்டுப் போகட்டும். எனக்காகக் குறைத்து எழுதாதே. எனக்காகக் கூட்டியும் எழுதாதே.

சுடர்


வலங்கைமான்
21.2.2025

சுடர்,

செவ்வந்தி நன்றாக இருக்கிறாள். தையல் ஆறிவிட்டது. உன்னைப் பயமுறுத்த வேண்டாம் என்று அவள்தான் சொல்லாமல் இருந்தாள். நேற்றிலிருந்து என்னை வேலை வாங்க ஆரம்பித்துவிட்டாள், அதனால் குணமாகிவிட்டது என்று அர்த்தம்.

நீ கேட்டதை எழுதுகிறேன். மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து எழுதுகிறேன், வீட்டில் வைத்து எழுத முடியவில்லை.

பனி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. கீழண்டை வரப்பில் மதகுக்குப் பக்கத்தில் கிடந்தது. தூரத்திலிருந்து பார்த்தபோது வழக்கம்போலப் படுத்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். "ஏய், அவுத்துக்கிட்டு வந்துட்டியா?" என்று அதட்டிக்கொண்டே போனேன். எழுந்திருக்கவில்லை. முன்னங்கால் இரண்டையும் நீட்டி அதன் மேல் தலையை வைத்திருந்தது. கண் மூடியிருந்தது. தொட்டதும் தெரிந்துவிட்டது.

நுரை கிடையாது. மண்ணைப் பிறாண்டின தடம் எதுவும் நான் பார்க்கவில்லை. வரப்புப் புல் மடங்கியிருந்தது, அது படுத்த இடம் மட்டும். வாய்க்கால் பக்கம் போன மாதிரி இல்லை. இதையெல்லாம் நீ கேட்ட பிறகு யோசித்துப் பார்த்துதான் எழுதுகிறேன். அன்றைக்கு நான் பார்த்தது இரண்டே விஷயம். தலைக்குப் பக்கத்தில் கொட்டாங்கச்சி. துடைத்து வைத்த மாதிரி நக்கியிருந்தது, அடியில் ஒன்றிரண்டு வெள்ளை மணி. அதன் மீசையிலும் குருணை ஒட்டியிருந்தது. வெள்ளை வெளேரென்று, எண்ணெய்ப் பளபளப்போடு. அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் முடிந்துபோயிற்று. வேறு எதையும் பார்க்கவில்லை.

வாய்க்கால் தண்ணீரில் அதன் வாயைக் கழுவினேன். யாரும் பார்த்துவிடக் கூடாது என்று கழுவினேனா, அப்படியே அனுப்ப மனசில்லாமல் கழுவினேனா, தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போய் செவ்வந்திக்கு இட்லி பிட்டுக் கொடுக்கிறேன், விரலில் தேங்காய் எண்ணெய் வாசனை போகவில்லை. அவள், "என்னங்க, தலைக்கு எண்ணெ வச்சீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

கிளம்புவதற்கு முன்னால் கொட்டகைக்குப் பின்னால் குழி வெட்டி அடக்கம் செய்தேன். என் பழைய வேட்டியில் சுற்றித்தான் வைத்தேன். இவ்வளவுதான். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

பரிதி


செம்மேடு
26.2.2025

அண்ணே,

இதை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புகிறேன். உட்கார்ந்து படி. இரண்டு முறை படி.

நீ வெள்ளை என்று எழுதியிருக்கிறாய். ஒரு இடத்தில் இல்லை, இரண்டு இடத்தில். கொட்டாங்கச்சியின் அடியில் வெள்ளை மணி. மீசையில் வெள்ளை வெளேரென்று குருணை.

அந்த மருந்து என்ன நிறம்?

அப்பா மருந்து கலப்பதை நினைத்துப் பார். வீட்டுக்குள் கலக்க மாட்டார். களத்து மூலையில் பழைய அலுமினியச் சட்டியில், கையில் பிளாஸ்டிக் கவர் கட்டிக்கொண்டு, காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து குச்சியால் கிண்டுவார். அடுப்புக்கரியை அரைத்த மாதிரி கறுப்புத் தூள். விழுந்ததும் குருணை முழுக்கச் சாம்பல் பூத்த கறுப்பாகிவிடும். எண்ணெய் இருப்பதால் ஒவ்வொரு மணியிலும் அப்பிக்கொள்ளும், ஒன்றுகூட வெள்ளையாகத் தப்பாது. நான் சின்ன வயதில் அதை எள்ளுச்சோறு என்று நினைத்துக் கிட்டப் போய் அப்பாவிடம் முதுகில் வாங்கினேன். என் வாழ்க்கையில் அவர் என்னை அடித்தது அந்த ஒரு தடவை. நீ பக்கத்தில் நின்று சிரித்தாய்.

வாசனையை நினைத்துப் பார். பூண்டு அழுகின மாதிரி வீசும். அப்பா சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு வந்தாலும் அன்றைக்கு முழுக்க அவர் கிட்டே உட்கார முடியாது. உன் விரலில் என்ன வாசனை வந்தது? தேங்காய் எண்ணெய். அதையும் நீயேதான் எழுதியிருக்கிறாய். அண்ணியும் மோந்து பார்த்துத் தலைக்கு வைத்தாயா என்று கேட்டிருக்கிறார்.

மூட்டை தின்றது மருந்து கலக்காத குருணை, அண்ணே.

உன்னைத் தேற்றுவதற்காக எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. உன்னைத் தேற்றும் எண்ணமே எனக்கு இல்லாமல்தான் உன் கடிதத்தைத் திறந்தேன். தப்பைக் கண்டுபிடிக்கத்தான் வரிவரியாகப் படித்தேன். படித்துக்கொண்டே வந்தவள் வெள்ளை என்ற இடத்தில் நின்றுவிட்டேன். திரும்ப முதலிலிருந்து படித்தேன். ஈஸ்வரி டீச்சரிடம் வாசித்துக் காட்டினேன். முதலில் சாப்பிடு என்று அவர் பேனாவைப் பிடுங்கி வைத்தார். திரும்ப வாங்கி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் எனக்கு இன்னும் ஒன்று உறுதியாக வேண்டும். அன்றைக்கு வயலில் வேறு எங்கேயாவது மருந்து இருந்ததா? பக்கத்து வயல்களில் வைத்திருந்தார்களா? மருந்து தின்ற எலியை அவள் பிடித்துத் தின்றிருக்கலாமே. வைரக்கண்ணு சித்தப்பாவைக் கேள். இத்தனை நாளாக அவரிடம் நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை, எனக்குத் தெரியும். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம் உனக்கு. இப்போது கேள். அவர் என்ன சொன்னாலும், அது எப்படிப்பட்டதாக இருந்தாலும், எனக்கு அப்படியே எழுது.

உன் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனாலும் எழுத்தில்தான் வேண்டும். போனில் நாம் இரண்டு பேரும் கத்துவோம்.

சுடர்


வலங்கைமான்
4.3.2025

பாப்பா,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. இரண்டு முறை இல்லை, எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. அப்புறமும் இரண்டு நாள் சித்தப்பா வீட்டுப் பக்கம் போகவில்லை. நீ சொன்னது சரியாக இருந்துவிட்டால் பரவாயில்லை. தப்பாக இருந்துவிட்டால், ஒருமுறை கொன்ற நாயை இரண்டாவது முறை கொல்வது மாதிரி. உளுந்து வயலில் வேலை இருக்கிறது, டிராக்டருக்கு டீசல் வாங்க வேண்டும் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்றைக்குக் காலையில் போனேன். அவர் களத்தில் வைக்கோல் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். போனதும் எண்ணிக்கை தப்பிவிட்டது என்று என்னை ஒரு பாட்டம் திட்டினார். திட்டி முடிக்கட்டும் என்று நின்றேன். அப்புறம் கேட்டேன். "சித்தப்பா, மார்கழியில நான் கும்பகோணத்துல இருந்தப்ப நம்ம வயல்ல மருந்து வச்சீங்களே..."

"யாரு வச்சா?" என்றார்.

"நான் போன்ல சொன்னனே, நேரா மருந்தையே வைங்கன்னு."

"சொன்ன. நீ என்னத்தச் சொல்ல மாட்ட? பொண்டாட்டி ஆஸ்பத்திரில கெடக்குறா, நீ அங்கேருந்து தலையும் இல்லாம வாலும் இல்லாம ஏதோ சொல்ற. சுத்துப்பட்டு வயல்ல எல்லாரும் வெறும் குருணை வைக்கிறப்ப நம்ம வயல்ல மட்டும் மருந்து வச்சா எந்த எலிடா வாய வைக்கும்? பக்கத்து வயல்ல விருந்து நடக்குது, இங்க வந்து வெஷத்த திங்கணும்னு அதுக்கு என்ன தலையெழுத்தா? நானும் வெறும் குருணதான் வச்சேன். உங்கிட்ட சொன்னா நீ கத்துவன்னு சொல்லல."

"அப்ப மருந்து எப்ப வச்சீங்க?"

"எங்க வச்சேன்? ரெண்டு நாள் குருணை முடிஞ்சு மருந்து கலக்கலாம்னு இருந்தோம், மழை புடிச்சிக்கிச்சு. வரப்பு முங்குற மழை. ஊர்ல ஒருத்தனும் வைக்கல. வளையில தண்ணி பூந்து பாதி எலி தானா செத்துது. அதுக்கப்பறம் எதுக்கு மருந்து? நீதான் எலின்னு பேச்சு எடுத்தாலே மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போன. ஒன் பொட்டலம் அப்படியே இருக்கு, வந்து எடுத்துக்கிட்டுப் போ. வீட்டுல பேரப் புள்ளைங்க வருதுங்க, எனக்குப் பயமா இருக்கு."

கூரை எறவானத்தில் செருகி வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தார். பிரிக்காத பொட்டலம். நான் வாங்கின கடையின் சீல் அப்படியே இருந்தது. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு களத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். "என்னடா ஆச்சு, மயக்கமா?" என்று அவர் தண்ணீர் கொண்டுவந்தார்.

அப்புறம்தான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். கேட்டுவிட்டு என் தலையில் ஒன்று போட்டார். "ஏன்டா, இவ்வளவு நாளா இத மனசுல வச்சிக்கிட்டா திரிஞ்ச? மொத நாள் சாயங்காலமே ஒன் நாய் அவுத்துக்கிட்டு வந்து எம் பின்னாடியேதான் திரிஞ்சுது. நான் ஒரு கொட்டாங்கச்சி வைப்பேன், அது நக்கும். இன்னொன்னு வைப்பேன், அதையும் நக்கும். வெரட்டி வெரட்டிப் பாத்தேன், போவல. சரி, வெறும் குருணைதான, தின்னட்டும்னு விட்டுட்டேன். எலிக்கு வச்ச விருந்து பூரா அதுதான் தின்னுச்சு" என்றார்.

சுடர், நான் சிரித்தேன். மூட்டை செத்த பிறகு முதல் தடவையாக மூட்டையை நினைத்துச் சிரித்தேன். எண்ணெய் பிசறின குருணையை வரப்பு வரப்பாக நக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே போயிருக்கிறது, பார்.

வரும் வழியில் டாக்டர் பாசித்தைப் போய்ப் பார்த்தேன். படுத்திருந்த விதத்தைச் சொன்னேன். "அந்த மருந்தா இருந்தா அப்படிப் படுத்திருக்காதுங்க. வாந்தி, இழுப்புன்னு எடத்தையே உழுது போட்டிருக்கும்" என்றார். "இதயம் அவ்வளவு வீங்கியிருந்துச்சு. தூக்கத்துலதான் நின்னிருக்கும். நான் அப்பவே உங்ககிட்ட சொல்லணும்னு நினைச்சேன். நீங்க மாத்திரைய அவ்வளவு ஆசையா வாங்கிக்கிட்டுப் போனீங்க, சொல்ல வாய் வரல" என்றார்.

நீ கேட்டதை எழுதிவிட்டேன். துடிக்கவில்லை, பாப்பா. தின்றுவிட்டுப் படுத்திருக்கிறது. நீ இனி உன் வகுப்பைப் பாதியில் நிறுத்த வேண்டாம்.

வீட்டுக்கு வந்து பொட்டலத்தை எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு, கீழண்டை வரப்புக்குப் போனேன். மதகு வரைக்கும் நடந்தேன். அங்கே ஒன்றும் இல்லை, நெல் அறுத்த தாள்களுக்கு நடுவே உளுந்து முளைத்து நிற்கிறது. அங்கேயே உட்கார்ந்துகொண்டு அழுதேன். கொஞ்சநஞ்சம் இல்லை, விக்கி விக்கி அழுதேன். இத்தனை நாள் நான் அழவில்லை என்று நினைக்காதே. அழுதேன். அதெல்லாம் நான் இப்படிச் செய்துவிட்டேனே என்று என்னை நினைத்து அழுதது. அந்த நாயை நினைத்து அழ எனக்கு முறையில்லை என்று இருந்தேன்.

செவ்வந்தி காப்பி எடுத்துக்கொண்டு வரப்பில் தேடி வந்துவிட்டாள். என்னைப் பார்த்துப் பயந்துபோய், "மார்கழியில செத்த நாய்க்கு மாசியில வந்து அழுவுறீங்களே, என்னங்க இது?" என்று கேட்டாள்.

"எனக்கு இன்னைக்குத்தான் அது செத்திருக்கு" என்றேன்.

பரிதி